துருவும் ஒரு பாடம்

புறநானூற்றின் 95-ஆம் பாடலை நம் வாசகர்களுக்கு அறிமுகம் செய்ய வேண்டியதில்லை. அதியமானின் தூதாகச் சென்ற ஔவைக்குத் தொண்டைமான் தன் படைக்கலக் கொட்டிலைத் திறந்து காட்டுகிறான். வேல்களெல்லாம் பீலி சூடி, மாலை அணிந்து, நெய் பூசப்பெற்று, காவல் மிகுந்த அகன்ற மனையில் இருக்கின்றன. ஔவை அவற்றின் அழகைச் சொல்லிவிட்டு, எங்கள் அரசனின் வேல்களோ பகைவரைக் குத்தி நுனி முறிந்து கொல்லனின் சிறு பட்டறையில் கிடக்கின்றன என்று முடித்துக்கொள்கிறார். புகழ்வதுபோலப் பழித்தல் என்று பள்ளியில் நமக்கு இதைக் கற்பித்தார்கள். மதிப்பெண்ணும் கொடுத்தார்கள்.

அணியிலக்கணத்தை ஒருபுறம் வைத்துவிட்டு, ஔவை அங்கே செய்த காரியத்தைப் பாருங்கள். ஆயுதத்தை அவர் ஒரு சுவடியைப் போல வாசிக்கிறார். மெருகைக் கண்டவுடன் இது போர் காணாதது என்கிறார். முறிவைச் சொல்லி அது போர் கண்டது என்கிறார். ஆயுதத்தின் வரலாறு அதன் காயத்தில் எழுதப்பட்டிருக்கிறது, மெருகு அந்த எழுத்தை மறைக்கும் என்பது அவருக்குத் தெரிந்திருக்கிறது. தொண்டைமானுக்குத் தெரியவில்லை.

தொண்டைமானின் கொட்டில்கள் இன்று உலகெங்கும் திறந்திருக்கின்றன. பழைய இராணுவ வாகனங்களையும் பீரங்கிகளையும் தேடிச் சேர்த்து, பழுது நீக்கி, புதிதுபோல் ஆக்கி வைப்பது ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் பல்லாயிரம் பேருடைய பொழுதுபோக்கு. ஒரு வேறுபாடு மட்டும் உண்டு. தொண்டைமானின் வேல்கள் போரைக் காணாமையால் மெருகோடு இருந்தன. இவர்களுடைய டாங்கிகள் போரைக் கண்டவை. கண்ட போரைச் சுரண்டி எடுத்துவிட்டு அவற்றுக்கு மெருகேற்றுகிறார்கள். நாம் எழுத வந்தது அந்தச் சுரண்டலைக் கண்டித்து. அந்தப் பொழுதுபோக்கைக் கண்டித்தன்று. இவ்விரண்டையும் ஒன்றாக்கிப் பேசுவோர் நம் நண்பர்களிலேயே இருப்பதால் முதலில் அவர்களோடு வழக்கைத் தீர்த்துக்கொள்வோம்.

*

நண்பர்களின் கட்சி இது: இவை கொலைக்கருவிகள், இவற்றைச் சேர்ப்பவர்கள் போர் வெறியர்கள், அன்றேல் வளராத சிறுவர்கள், எல்லாவற்றையும் உருக்கிப் பாலங்கட்டினால் நாட்டுக்கு நல்லது.

இந்தப் பொழுதுபோக்கைச் சற்று அருகில் சென்று பார்த்தால் இப்படிப் பேசத் தோன்றாது. இரண்டாம் உலகப் போர்க்காலத்து ஜீப்பை எடுத்துக்கொள்வோம். வில்லிஸ், ஃபோர்டு ஆகிய இரு நிறுவனங்களும் சேர்ந்து ஏறத்தாழ 6,40,000 ஜீப்புகளைச் செய்தன. ஃபோர்டு நிறுவனம் தான் செய்த உறுப்புகளில் தன் பெயரின் முதலெழுத்தைச் சிறிதாகப் பொறித்தது. போல்ட்டின் தலையில்கூட அந்த எழுத்து உண்டு. ஃபோர்டு ஜீப்பைச் செப்பனிடும் ஆர்வலர், எழுத்தில்லாத போல்ட்டு கைக்கெட்டும் தொலைவில் கிடந்தாலும் தொடமாட்டார். எழுத்துள்ள ஒன்றைத் தேடிச் சந்தை சந்தையாக அலைவார். இதைப் பித்து என்று நகைக்க நமக்கு என்ன உரிமை? ஒரு சொல்லில் வருவது ரகரமா றகரமா என்பதற்காகப் பத்து ஏடுகளைப் புரட்டியவர்களின் வழியில் வந்தோர் நாம். இரண்டும் ஒரே பித்துத்தான், மதிக்கத் தக்க பித்து.

அமெரிக்காவில் இத்தகையோர் 1976-லேயே தமக்கென ஒரு சங்கம் அமைத்துக்கொண்டனர். போர்கள் முடிந்தவுடன் அரசுகள் செய்த காரியத்தை நினைத்தால் இவர்களின் தொண்டு விளங்கும். அரசுக்கு டாங்கி என்பது எடைக்குப் போடும் இரும்பு. அல்லது சுடும் பயிற்சிக்கு இலக்கு. அந்தப் பழைய இரும்புக் கடைகளிலிருந்தும், பயிற்சி மைதானங்களிலிருந்தும், ஆற்றுச் சேற்றிலிருந்தும் தம் கைப்பணத்தைச் செலவிட்டு மீட்டவர்களில் இத்தகைய தனிமனிதர்கள் பலர்.

இலக்கிய வாசகர்களுக்கு உகந்த சான்று ஒன்று இருக்கிறது. முதல் உலகப் போருக்குப்பின் இங்கிலாந்தின் டார்செட் பகுதியிலுள்ள போவிங்டனில் பழைய டாங்கிகள் கேட்பாரற்றுத் துருப்பிடித்துக் கிடந்தன. 1923-இல் அங்கே சென்ற ரட்யார்ட் கிப்ளிங், இவற்றுக்கு ஓர் அருங்காட்சியகம் வேண்டும் என்றார். உலகின் பெரிய டாங்கி அருங்காட்சியகங்களுள் ஒன்று அப்படித்தான் கருக்கொண்டது. ஏகாதிபத்தியத்தின் பாணர் என்று கிப்ளிங்கை ஏசுவோர் ஏசட்டும், நாமும் ஏசியிருக்கிறோம். ஆனால் அவருடைய ஒரே மகன் ஜான் 1915-இல் லூஸ் போர்க்களத்தில் மறைந்தான் என்பதையும், தந்தையின் வாழ்நாள் முடியும்வரை மகனின் உடல் இன்னதென்று அறியப்படவில்லை என்பதையும் மறக்க வேண்டாம். போர்க்கல்லறை ஆணையத்தில் பணியாற்றி, மாண்டோர்க்குரிய கல்வெட்டு வாசகங்களைத் தேர்ந்து தந்தவர் அவர். அப்படிப்பட்ட ஒருவர் அந்த இரும்பைப் பார்த்து உருக்குங்கள் என்று சொல்லவில்லை. வையுங்கள் என்றார்.

வைக்க வேண்டியதன் காரணம் எளிது. போரைப் பற்றி எழுதுவது நம்மைப் போன்றோர்க்கு மிக இலேசான வேலை, சொல்லுக்கு எடையில்லை. அந்தப் போரின் மார்க் 4 டாங்கி 28 டன் எடையுள்ளது. அதனுள் எட்டுப் பேர். நடுவில் எஞ்சின். எஞ்சினுக்கும் மனிதருக்கும் இடையே சுவர் கிடையாது. அனலும் புகையும் இரைச்சலும் அந்த எட்டுப் பேரோடு ஒரே அறையில் இருந்தன. அந்த இரும்பறையின் வாசலில் நின்று உள்ளே எட்டிப் பார்த்தவர், வீரம், தியாகம், தேசம் போன்ற சொற்களைப் பிறகு சற்று நிதானித்தே எழுதுவார். உருக்கிவிட்டால் போர் ஒழியாது. போரின் எடைதான் ஒழியும். பேசுவோர்க்கு இன்னும் வசதியாகிவிடும்.

இந்தப் பொழுதுபோக்கில் விகாரங்களே இல்லை என்று நாம் சாதிக்கவில்லை. 2015-இல் ஜெர்மனியின் கீல் நகரத்துக்கு அருகே ஹைக்கன்டார்ஃப் என்னும் ஊரில், ஒரு முதியவரின் வீட்டு நிலவறையிலிருந்து பாந்தர் டாங்கி ஒன்றை இராணுவத்தார் வெளியே இழுத்தார்கள். சுமார் இருபது வீரர்கள் ஏறத்தாழ ஒன்பது மணி நேரம் போராட வேண்டியிருந்தது. டாங்கியோடு 88 மில்லிமீட்டர் விமான எதிர்ப்புப் பீரங்கி ஒன்றும், டார்ப்பிடோ ஒன்றும் அங்கே இருந்தன. 2021-இல் நீதிமன்றம் அவருக்கு நிறுத்தி வைக்கப்பட்ட சிறைத்தண்டனையும் 2,50,000 யூரோ அபராதமும் விதித்தது. டாங்கியையும் பீரங்கியையும் இரண்டாண்டுக்குள் அருங்காட்சியகத்துக்கோ சேகரிப்பாளருக்கோ கொடுத்துவிட வேண்டும் என்றது. அவை இன்னும் ஆயுதம்தானா என்பது சட்டத்தின் கேள்வி. நம்முடைய கேள்வி வேறு. ஒரு போரின் சாட்சியை நிலவறையில் பூட்டி வைத்தவர் எந்தப் போரை நினைத்துக்கொண்டு அதற்கு எண்ணெய் இட்டார்? இப்படிக் கேட்கத் தகுந்தவர்கள் எல்லாப் பொழுதுபோக்கிலும் சிலர் உண்டு. அச்சிலரைக் காட்டி மற்றவர் அனைவரையும் பழிப்பது வாதமாகாது.

உருக்கச் சொன்ன நண்பர்களோடு வழக்கு இத்துடன் முடிந்தது. இனி, காப்பாற்றியவர்களோடு நமக்குள்ள வழக்கைத் தொடங்குவோம்.

*

காப்பாற்றிய பிறகு இவர்கள் செய்வதென்ன? வண்டியைப் பிரித்து உறுப்புறுப்பாக அடுக்குவார்கள். மணல்வீச்சு இயந்திரத்தால் துருவையும் பழைய வண்ணத்தையும் அடியோடு நீக்கி வெற்றிரும்பு பளிச்சிடச் செய்வார்கள். குண்டு துளைத்த ஓட்டைகளை வெல்டு வைத்து அடைத்துத் தேய்ப்பார்கள். நைந்த தகடுகளை வெட்டியெறிந்து புதிய தகடு பொருத்துவார்கள். ஜெர்மன் டாங்கிகளின்மேல் காந்தக் கண்ணிகள் ஒட்டாதிருக்க 1943-இன் பிற்பகுதி முதல் ஓராண்டு அளவும் பூசப்பட்ட சிமெரிட் என்னும் சாந்தை, இன்றைய கடைச்சரக்கைக் கொண்டு சீப்புப் போட்டதுபோல் வரிவரியாகப் பூசுவார்கள். இறுதியில் புத்தம்புது வண்ணம். யாரோ ஒரு படைப்பிரிவின் சின்னம். யாரோ ஒரு தளபதியின் எண். ஆலையிலிருந்து நேற்று வெளிவந்ததுபோல் இருக்கிறதென்று பார்த்தவர் சொன்னால் அவர்களுக்கு உச்சி குளிர்ந்துவிடும்.

ஆலையிலிருந்து நேற்று வெளிவந்த டாங்கி யாரையும் கொன்றதில்லை. அதற்குள் யாரும் இறந்ததுமில்லை. இவர்கள் இத்தனை பாடுபட்டு மீட்டெடுத்தது போர் தொடங்குவதற்கு முந்தைய நாளை.

மணல்வீச்சில் உதிர்ந்து போனவற்றைக் கணக்கிடுவோம். வண்ணத்தின்மேல் வண்ணமாய்ப் படிந்திருந்த அடுக்குகள்: வண்டி எந்த நாட்டுக்குப் போயிற்று, பாலையிலா பனியிலா ஓடிற்று என்று சொல்லக்கூடியவை. ஆலைத் தொழிலாளியின் கைக்குறிகள். அந்தத் தொழிலாளி யார் என்பதும் சிறிய செய்தியன்று. டைகர் டாங்கியைச் செய்த காஸல் நகரத்து ஹென்ஷெல் ஆலையில், பிற நாடுகளிலிருந்து இழுத்து வரப்பட்ட கட்டாயத் தொழிலாளர்களும் உழைத்தனர். உட்சுவரில் வீரன் எவனேனும் கீறி வைத்திருக்கக்கூடிய பெயர். குண்டு நுழைந்த திசை. தீ எரிந்த உயரம். இவை எவையும் புத்தகத்தில் கிடைக்கமாட்டா. ஒரே ஒரு படிதான் உண்டு, அதுவும் இரும்பில்.

ஒரு பெரிய சான்று. கலிபோர்னியாவின் போர்ட்டோலா பள்ளத்தாக்கில் ஜாக்ஸ் லிட்டில்ஃபீல்டு என்பார் இருநூற்றுக்கும் மேற்பட்ட இராணுவ வாகனங்களைச் சேர்த்திருந்தார். போலந்து நாட்டு ஆறொன்றில் மூழ்கிக் கிடந்து மீட்கப்பட்ட பாந்தர் டாங்கி ஒன்றை அவருடைய பட்டறை ஆண்டுக்கணக்கில் உழைத்து ஓடும் நிலைக்குக் கொணர்ந்தது. 2009 சனவரியில் அவர் மறைவதற்குச் சற்று முன்னர்தான் அப்பணி நிறைவுற்றது. 2014-இல் அவருடைய தொகுப்பின் பெரும்பகுதி ஏலத்துக்குப் போயிற்று. பாந்தர் ஏலத்துக்குப் போகாமல் பிழைத்து, இன்று மாசசூசெட்ஸ் மாநிலத்து அருங்காட்சியகத்தில் நிற்கிறது. அந்தப் பட்டறையின் கைத்திறன் வியக்கத்தக்கது என்பதில் ஐயமில்லை. ஆயினும் அதன் முன் நிற்பவர் கண்ணுக்கு ஆறு தெரியாது. ஆற்றில் அது விழ நேர்ந்த நாளும் தெரியாது. ஒரு படையின் தோல்வியைச் சொல்லிக்கொண்டிருந்த இரும்பு இப்போது ஒரு பட்டறையின் வெற்றியைச் சொல்கிறது.

*

இந்த நோயை அடையாளம் காண நமக்குப் பொறியியல் தேவையில்லை. பதிப்புலகில் இதற்கு இடைச்செருகல் என்று பெயர்.

உ.வே.சாமிநாதையர் 1894-இல் புறநானூற்றைப் பதிப்பித்தபோது 267, 268 ஆம் பாடல்கள் அவருக்குக் கிடைக்கவில்லை. இன்றுவரை எவருக்கும் கிடைக்கவில்லை. வேறு பல பாடல்களில் அடிகள் சிதைந்திருந்தன. ஐயருக்கு யாப்புத் தெரியும். சங்கப் பாடலின் நடை தெரியும். அகவற்பாவில் நான்கடி எழுதி அந்த இடத்தை அடைப்பது அவருக்கு ஒரு மாலை நேரத்து வேலை. அடைத்திருந்தால் நம்மில் எத்தனை பேர் கண்டுபிடித்திருப்போம்? அவர் அடைக்கவில்லை. சிதைந்த இடத்தில் புள்ளி வைத்தார். இங்கே செல்லரித்திருக்கிறது, எனக்குத் தெரியாது என்று அந்தப் புள்ளிகள் இன்றும் நம்மிடம் சொல்லிக்கொண்டிருக்கின்றன. புறநானூற்றை நாம் நம்புவது அந்தப் புள்ளிகளால்தான். தெரியாத இடத்தில் தெரியாது என்றவர், தெரிந்த இடத்தில் சொன்னது உண்மையாகத்தான் இருக்கும்.

கட்டடக் கலையில் இந்த அறத்தை 1964-ஆம் ஆண்டு வெனிஸ் சாசனம் எழுதி வைத்தது. ஊகம் தொடங்கும் இடத்தில் புதுப்பித்தல் நின்றுவிட வேண்டும். புதிதாகச் சேர்த்தது முழுமையோடு இயைந்திருக்கலாம், ஆனால் பழையதிலிருந்து வேறுபடுத்தி அறியத்தக்கதாக இருக்க வேண்டும் என்பவை அதன் விதிகளில் சில. பழைய ஊர்திகளுக்கென்று 2012-இல் உருவான டூரின் சாசனமும் இதே நெறியைப் பின்பற்றுவது. ஆகவே நாம் கேட்பது புதுமையன்று. விதி இருக்கிறது, ஆர்வலர்களில் பெரும்பாலோர் அதைத் தம்மைச் சேராததாகக் கருதுகிறார்கள், அவ்வளவே.

விதியை மீறினால் நேர்வதென்ன என்பதை எஸ்தோனியாவின் ஏரியொன்று காட்டுகிறது. 2000-ஆம் ஆண்டு செப்டம்பரில் அந்த ஏரியின் அடிச்சேற்றிலிருந்து சோவியத் நாட்டு டி-34 டாங்கி ஒன்றை வெளியே இழுத்தார்கள். சேறு காற்றை அண்டவிடாமையால் அரை நூற்றாண்டுக்கு மேல் ஆகியும் துரு மிகக் குறைவு. கழுவிப் பார்த்தால் சோவியத் டாங்கியின்மேல் ஜெர்மன் படையின் சிலுவைக் குறி. செய்தவன் ஒருவன், கைப்பற்றி ஓட்டியவன் மற்றொருவன். இதை ஓர் ஆர்வலர் மணல்வீச்சுக்கு அனுப்பியிருந்தால் எந்த வண்ணம் பூசியிருப்பார்? சோவியத்தின் பச்சையை மட்டும் பூசியிருந்தால் அது பொய். சிலுவையை மட்டும் புதிதாக வரைந்திருந்தாலும் அது பாதி. மேலெழுத்தும் அடியெழுத்தும் ஒருங்கே தெரியும் ஏடு அது. ஒன்றைத் தெளிவாக்கினால் மற்றது அழியும்.

அடுக்கைக் காக்கத் தெரிந்தவர்களும் உலகில் இருக்கிறார்கள். பிராகா நகரத்தில் சோவியத் படையின் வருகைக்கு நினைவுச்சின்னமாக ஐஎஸ்-2 டாங்கி ஒன்று பீடத்தில் நின்றது. 1945-இல் நகருக்குள் முதலில் நுழைந்த டாங்கி இதுவே என்று சொல்லி வந்தார்கள். உண்மையில் முதலில் நுழைந்தது வேறு வகையைச் சேர்ந்த டாங்கி. 1991 ஏப்ரலில் டேவிட் செர்னி என்ற இளஞ்சிற்பி அதற்கு இளஞ்சிவப்பு வண்ணம் பூசினார். அரசு அவரைப் பிடித்தது. டாங்கியை மீண்டும் பச்சையாக்கியது. நாடாளுமன்ற உறுப்பினர் சிலர் தம் பதவிக் காப்பைப் பயன்படுத்தி மறுபடி இளஞ்சிவப்பாக்கினார்கள். இன்று அது லெஷானி இராணுவ அருங்காட்சியகத்தில் இருக்கிறது, இளஞ்சிவப்பாகவே. அந்த வண்ணம் ஒரு நாட்டின் வரலாற்றில் நிகழ்ந்த நிகழ்ச்சி. அதைச் சுரண்டி மூலப் பச்சைக்குப் போயிருந்தால் அருங்காட்சியகத்துக்கு ஒரு டாங்கி மிஞ்சியிருக்கும், வரலாறு மிஞ்சியிராது.

*

நமக்கு வரக்கூடிய மறுப்பை நாம் அறிவோம். ஓடாத வண்டி பிணம், ஓடினால்தான் உயிர் என்பார்கள். எஞ்சின் உறுமும்போது தரை நடுங்குவதை உணர்ந்த சிறுவன் ஆயிரம் பக்கம் படித்தாலும் கிடைக்காததை அறிகிறான் என்பார்கள். இது வலுவுள்ள வாதம். தட்டிக் கழிக்க இயலாது.

இதற்கு அவர்கள் காட்டும் பெருஞ்சான்று போவிங்டனில் உள்ள டைகர் 131. 1943 ஏப்ரலில் துனீசியாவில் பிரிட்டிஷ் படை கைப்பற்றியது. செய்யப்பட்ட சுமார் 1,350 டைகர்களில் எஞ்சியவற்றை விரல்விட்டு எண்ணலாம்; அவற்றுள் ஓடுவது இது ஒன்றே. 1990-இல் தொடங்கிய செப்பனிடும் பணியின் பயனாக 2003-இல் அது ஓடிற்று. அதன் சொந்த எஞ்சின் காட்சிக்காக முன்பே அறுத்துத் திறக்கப்பட்டிருந்தமையால், அருங்காட்சியகத்தின் மற்றொரு டாங்கியான டைகர் 2-இன் எஞ்சினை எடுத்து இதில் வைத்தார்கள். அதுவும் பழுதாயிற்று. மேலும் உழைத்து 2012-இல் பணியை முடித்தார்கள். 2014-இல் வெளிவந்த ‘ஃப்யூரி’ திரைப்படத்தில் அது நடிக்கவும் செய்தது.

அருங்காட்சியகத்தார் அதன்மேலுள்ள குண்டுத் தழும்புகளை அழிக்கவில்லை. பீரங்கிக் குழலின் அடியிலும் சுழல்மேடையின் ஓரத்திலும் பட்ட அடிகள் இன்றும் தெரிகின்றன; சுழல்மேடை திரும்பாமற் சிக்கிக்கொண்டதால்தான் உள்ளிருந்தோர் அதை விட்டு ஓடினர். பல்லாண்டுகளாக ஒரு குன்றின் பெயரைச் சொல்லி அங்கே பிடிபட்டது என்று எழுதி வந்தார்கள். பின்னாளில் பழைய புகைப்படங்களையும் படைக்குறிப்புகளையும் ஒப்பிட்டு, அது வேறொரு குன்று என்று காட்டப்பட்டது. இத்தனை ஆண்டு கழித்தும் இவ்வாறு மறுவாசிப்புச் செய்ய முடிந்ததென்றால், வாசிக்க எழுத்து மிஞ்சியிருக்க வேண்டும். தழும்பை அழித்த டாங்கியைக் குறித்து இனி எந்தக் கேள்வியும் எழாது.

ஆகவே ஓட்டுவோர்க்கு நாம் ஒரு சமாதானம் முன்வைக்கிறோம். இதுவும் பதிப்பாசிரியர்களிடம் கற்றது. பல ஏட்டுப்படிகள் உள்ள நூலை எடுத்துப் பாடலாம், ஆடலாம், நைந்தாலும் குற்றமில்லை. வேறு படி இருக்கிறது. ஒரே படி எஞ்சிய நூலை அப்படிக் கையாளலாகாது. ஜீப்புகள் இலட்சக்கணக்கில் பிறந்தவை. அவற்றுள் போர்த்தழும்பு ஏதுமின்றிப் பிழைத்த ஒன்றைக் கழுவி, வண்ணம் பூசி, ஜூன் மாதத்தில் நார்மண்டிச் சாலையில் ஓட்டிச் செல்லுங்கள். நாமும் பின்னிருக்கையில் ஏறிக்கொள்கிறோம். ஏரியிலிருந்தும் ஆற்றிலிருந்தும் போர்க்களத்திலிருந்தும் எழுந்த தனிச்சாட்சியைத் தொடாதீர்கள். உறுமலைக் கேட்பிக்க வேண்டுமாயின் அச்சாக ஒரு நகல் செய்து, நகல் என்று எழுதி ஒட்டி ஓட்டுங்கள்.

பீரங்கிக் குண்டுகளைச் சேர்ப்போர்க்கு ஒரு சொல். மெருகேற்றும் ஆசை அங்கே உயிரையும் கேட்கும். 2008-இல் அமெரிக்காவின் வர்ஜீனியாவில், உள்நாட்டுப் போர்க்காலத்துக் குண்டொன்றைச் சுத்தம் செய்துகொண்டிருந்த அனுபவமிக்க சேகரிப்பாளர் ஒருவர் அது வெடித்து இறந்தார். சுமார் 140 ஆண்டுகளாக அந்தக் குண்டு காத்திருந்தது. துருவைத் தொடுமுன் அதனுள் இருப்பது என்னவென்று வல்லுநரைக் கேட்பது கோழைத்தனமாகாது.

*

அரசுகளைப் பற்றிச் சொல்லாமல் விட்டால், தனிமனிதர்களை மட்டும் நிறுத்திக் கேள்வி கேட்டவர்களாவோம்.

1965-ஆம் ஆண்டுப் போரில் கேம்கரன் பகுதியில் கைப்பற்றப்பட்ட பாட்டன் டாங்கிகளை இந்தியாவின் பல ஊர்களில் வெற்றிச் சின்னமாக நிறுத்தினார்கள். அகமத்நகரில், இன்றைய அகில்யாநகரில், 1994 முதல் ஒரு டாங்கி அருங்காட்சியகமும் இருக்கிறது. நாற்சந்திகளில் நிற்கும் டாங்கிகளுக்கு நம் நாட்டில் நேர்வது எல்லோரும் கண்டதுதான். விழா வரும்போதெல்லாம் பழைய வண்ணத்தின்மேலேயே ஓர் அடுக்கு எனாமல். சக்கரத்துக்கு வெள்ளை விளிம்பு. குண்டு பட்ட பள்ளம் ஆண்டுக்காண்டு மேடாகி வருகிறது. குழந்தைகள் குழலில் ஏறிப் படமெடுத்துக்கொள்கிறார்கள். உள்ளிருந்து இறந்தவனும் ஒரு வீட்டுப் பிள்ளை என்ற செய்தி எந்தப் பலகையிலும் இல்லை.

மாறாக, தஞ்சாவூரின் பீரங்கி மேட்டைப் பாருங்கள். நாயக்கர் காலத்தில், 17-ஆம் நூற்றாண்டில் செய்த அந்த இரும்புப் பீரங்கி ஏறத்தாழ எட்டு மீட்டர் நீளம். வார்ப்பன்று, நீண்ட இரும்புப் பட்டைகளை வரிசையாக அடுக்கி, மேலே வளையங்களைக் காய்ச்சி இறுக்கிச் செய்தது. வெயிலிலும் மழையிலும் கிடந்தும் அது கரைந்து போகவில்லை. யாரும் அதைத் தேய்த்து மழமழப்பாக்காததால் பட்டைகளும் வளையங்களும் இன்றும் தனித்தனியே கண்ணுக்குத் தெரிகின்றன. கான்பூர் ஐஐடியின் உலோகவியலறிஞர் ஆர்.பாலசுப்பிரமணியம் முதலியோர் அது செய்யப்பட்ட முறையை 2004-இல் விளக்கி எழுத முடிந்தது அதனால்தான். தஞ்சைக் கொல்லர்களின் கைத்திறனை நமக்கு மீட்டுத் தந்தது, அந்தப் பீரங்கியைப் புதுப்பிக்க எவருக்கும் தோன்றாத நல்லூழ்.

ஆனால் துருவைக் காத்துவிட்டால் மட்டும் வேலை முடிந்துவிடாது என்பதற்கு ஆனையிறவு சான்று. 1991 சூலையில் விடுதலைப் புலிகள் கவசமிட்ட புல்டோசரைக் கொண்டு அங்கிருந்த முகாமைத் தாக்கினர். இலங்கைப் படைவீரர் ஒருவர் அதன்மேல் ஏறி, தம் உயிரைக் கொடுத்து அதை நிறுத்தினார். அந்தப் புல்டோசர் இன்று சாலையோரத்தில் நினைவுச்சின்னமாக நிற்கிறது. அந்த வீரரின் நினைவு போற்றத்தக்கதே. அதில் நமக்கு மாறுபாடில்லை. ஆனால் அதே நாட்டில் மறுதரப்பில் மாண்டோரின் துயிலும் இல்லங்கள் இடித்துத் தரைமட்டமாக்கப்பட்டன. ஒரு கவச இரும்பு காக்கப்பட்டது. எதிரே நின்றோரின் கல்லறைக் கற்கள் காக்கப்படவில்லை. இங்கே பாடம் மாறவில்லை, உரை ஒருதலையாக எழுதப்பட்டது. காப்பதிலும் இப்படி ஒரு பொய் உண்டு. பொருளை மாற்றாமலேயே சொல்லக்கூடிய பொய் அது.

*

இந்தப் பொழுதுபோக்கின் மேன்மைக்கு ஒரே ஒரு சான்று கேட்டால் நாம் பிரான்ஸ் நாட்டு ஃப்ளெஸ்கியேர் என்ற சிற்றூரைக் காட்டுவோம்.

1917 நவம்பர் 20 அன்று காம்ப்ரே போரின் முதல் நாளில், டி51 என்ற எண்ணும் டெபோரா என்ற பெயரும் கொண்ட மார்க் 4 டாங்கி அவ்வூருக்குள் நுழைந்தது. ஜெர்மன் பீரங்கி அதைச் சிதைத்தது. எட்டுப் பேரில் ஐவர் மாண்டனர். பிறகு டாங்கி மண்ணுக்குள் புதைந்தது. ஊர் அதை மறந்தது. பிலிப் கோர்ச்சின்ஸ்கி என்பவர் அவ்வட்டாரத்தில் தங்கும் விடுதி நடத்திவந்தவர். வரலாற்றுப் பேராசிரியர் அல்லர், வெறும் ஆர்வலர். ஆண்டுக்கணக்கில் தேடினார். இளம்பருவத்தில் அது புதைக்கப்பட்டதைக் கண்ட மூதாட்டி ஒருவரின் சொல்லும் அவருக்கு வழிகாட்டிற்று. 1998 நவம்பரில் டெபோரா வெளியே வந்தது.

அவரிடம் அப்போது எல்லா வாய்ப்பும் இருந்தது. பிளந்த தகட்டை அடைத்திருக்கலாம். வண்ணம் பூசி, எஞ்சினை முடுக்கி, வேடிக்கை பார்க்கக் கட்டணம் வாங்கியிருக்கலாம். செய்யவில்லை. டெபோரா கிழிந்தது கிழிந்தபடியே இருக்கிறது. நூறாண்டு நிறைந்த 2017-இல் அதற்கென்று திறக்கப்பட்ட அருங்காட்சியகம் அவ்வூர்க் கல்லறைத் தோட்டத்தை ஒட்டியது. அத்தோட்டத்தில்தான் அந்த டாங்கியோடு மாண்டவர்கள் கிடக்கிறார்கள். இரும்பில் உள்ள பிளவைப் பார்த்துவிட்டு வெளியே வருபவர் சில அடிகள் நடந்தால் அந்தப் பிளவின் பொருளைக் கல்லில் பெயர்களாக வாசிக்கலாம். நம் முன்னோர் நடுகல் நட்டதும் இதற்குத்தானே? வீழ்ந்தவன் பெயரை வீழ்ந்த இடத்தருகே வைப்பதற்கு.

சேகரிப்பாளர்களிடம் நாம் கேட்பவை நான்கு. தொடுமுன் ஒவ்வோர் அங்குலத்தையும் படமெடுத்து எழுதி வையுங்கள். புதிதாகச் சேர்க்கும் உறுப்பின்மேல் ஃபோர்டு தன் போல்ட்டில் பொறித்ததுபோல் ஓர் எழுத்தைப் பொறியுங்கள். பழையதென்று எவரும் ஏமாற வேண்டாம். வண்டி எவ்வளவு நைந்திருந்தாலும் ஒரு பக்கத்தையேனும் கண்டெடுத்த நிலையிலேயே விட்டுவிடுங்கள். பலகையில் எஞ்சினின் குதிரைத்திறனுக்கும் குழலின் விட்டத்துக்கும் மேலாக, இதனுள் இறந்தோர், இதனால் இறந்தோர் பற்றி அறிந்ததை எழுதுங்கள். அறியாத இடத்தில் புள்ளி வையுங்கள்.

ஔவை இன்று தூது வந்தால் இவர்களுடைய கொட்டில்களில் பெரும்பாலானவற்றை அன்று தொண்டைமானிடம் சொன்ன சொற்களாலேயே வாழ்த்திவிட்டு நகர்வார். ஃப்ளெஸ்கியேரில் மட்டும் சற்று நின்று பார்த்துவிட்டு, அடுத்துள்ள தோட்டத்துக்குள் போவார்.